எடுத்து வைத்த பங்கு

“ஊறப்போட மறந்துட்டேன்.” இந்த வாக்கியத்தை ஓர் ஆண் சொல்லி நான் கேட்டதே இல்லை. மதுரையில் ஒரு சாதாரண வீட்டில், ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் எத்தனை பாத்திரங்களில் என்னென்ன ஊறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மறுநாள் குழம்புக்குக் கொண்டைக்கடலை. சர்க்கரை உள்ளவருக்கு வெந்தயம். மிஞ்சிய சோற்றில் தண்ணீர். பக்கத்தில் பெரிய தூக்கில் இட்லி மாவு புளித்துக்கொண்டிருக்கும். பாத்திரத்தில் ஊறுவதற்கு முன்பே இவையெல்லாம் ஒரு பெண்ணின் தலைக்குள் ஊறத் தொடங்கிவிடுகின்றன. நாளைக்குக் காலையில் யாருக்கு என்ன வேண்டும் என்பதை முந்தின நாள் சாயங்காலமே நினைத்து வைத்துக்கொள்கிற வேலை அது. அதற்குப் பெயரும் கிடையாது, கணக்கும் கிடையாது.

அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது ஒரு கண்ணாடி பாட்டில். ஓட்ஸைப் பாலில் ஊறப்போட்டு, பிரிட்ஜில் வைத்து, காலையில் அடுப்பே மூட்டாமல் சாப்பிடுவது. இளம் பெண்கள் இதை ‘ஓவர்நைட் ஓட்ஸ்’ என்கிறார்கள். அதிலும் கேக் ருசி, பாயச ருசி என்று இனிப்புப் பண்டங்களின் ருசியில் செய்து, ‘ஆனாலும் உடம்புக்கு நல்லது’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து சாப்பிடுவதைப் பார்த்துத்தான் நானும் ஆரம்பித்தேன்.

இந்த யோசனை மதுரைக்குப் புதிது என்று யாராவது சொன்னால் பருத்திப்பால் வண்டிக்காரர் சிரிப்பார். பருத்திக்கொட்டையை அலசி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து பால் எடுத்து, அரிசி மாவு கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பூ தூவினால் பருத்திப்பால். இனிப்பு, சத்து, ராத்திரி ஊறியது, காலைப் பசிக்கு ஏற்றது. அந்த இளம் பெண்கள் கேட்கிற எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் காலை நேரத்தில் வண்டியைச் சுற்றி டம்ளரோடு நிற்பவர்களைப் பாருங்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் ஆண்கள்தான். அந்த நேரத்தில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என் அப்பத்தாவுக்குச் சோழவந்தான் பக்கம். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற நெல் பூமி. நடவுக் காலத்தில் விடிவதற்கு முன்பே பெண்கள் தூக்குவாளியோடு வயலுக்குப் போவார்கள். வாளிக்குள் பழைய சோறு, மோர் ஊற்றியது, ரெண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். வெயில் ஏறுவதற்குள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வயலில் ஆணும் பெண்ணும் அதைத்தான் குடித்தார்கள். அது உழைப்பவர் சாப்பாடு.

கொஞ்சம் வசதி வந்து வீட்டில் இட்லி வேகத் தொடங்கியதும், பழைய சோறு எங்கே போனது என்பதுதான் கதை. அது காணாமல் போகவில்லை, பெண்களிடம் வந்து தங்கியது. தாத்தாவுக்குச் சூடாக நாலு இட்லி. பிள்ளைகளுக்கு அடுத்த ஈடு. கடைசி ஈடு வேகும்போது யாராவது விருந்தாள் வந்து நிற்பார். எல்லாரும் எழுந்து போன பிறகு அப்பத்தா அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, பானையில் கையை விட்டுப் பிழிந்து சோற்றை எடுத்துப் போட்டுக்கொள்வாள். “எனக்கு இதேன் ஒத்துக்கும்” என்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒத்துக்கொண்டது எப்படியோ மிச்சமாகவே இருந்தது.

பழைய சோற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ராத்திரியில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, அது குடலுக்கு நல்லது என்று இப்போது மருத்துவர்களே சொல்கிறார்கள். ஓட்டல்களில் மண்சட்டியில் ஊற்றி, மோர் மிளகாயும் வத்தலும் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். சோறு அதேதான். அப்பத்தாவின் சட்டிக்கும் ஓட்டல் சட்டிக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம். ஓட்டலில் சாப்பிடுகிறவருக்காக அது தயார் செய்யப்பட்டது. அப்பத்தாவுக்காக யாரும் எதையும் தயார் செய்யவில்லை. மற்றவர்களுக்கு வடித்ததில் மீந்ததை அவள் காப்பாற்றிச் சாப்பிட்டாள்.

ராத்திரி ஊறவைத்த இரண்டு சாப்பாடுகள். ஒன்று மிச்சம், இன்னொன்று எடுத்து வைத்தது. இந்த வித்தியாசத்தைத்தான் அந்தக் கண்ணாடி பாட்டில் எனக்குக் காட்டியது.

இந்த ஓட்ஸுக்கும் ஒரு முன்னோர் உண்டு. சுவிட்சர்லாந்தில் மாக்சிமிலியன் பிர்ச்சர் பென்னர் என்ற மருத்துவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, சுண்டிய பால், துருவிய ஆப்பிள், பொடித்த பருப்பு சேர்ப்பார். ஆப்பிள்தான் அதிகம், ஓட்ஸ் கொஞ்சம். ஆல்ப்ஸ் மலையில் நடந்து போனபோது ஒரு குடிலில் கிடைத்த சாப்பாட்டை வைத்து அவர் இதை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். இன்றும் அதற்கு ‘பிர்ச்சர் மியூஸ்லி’ என்றுதான் பெயர். சாப்பிட்டுப் பார்த்தவர் பெயர் நின்றுவிட்டது. அந்தக் குடிலில் ஊறவைத்துக் கொடுத்த கை யாருடையதோ!

நான் செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். அரை கப், அதாவது சுமார் 40 கிராம் தட்டையான ஓட்ஸ். பாக்கெட்டில் ‘ரோல்டு ஓட்ஸ்’ என்று போட்டிருக்கும். ஆலையிலேயே ஆவி காட்டித் தட்டையாக்கியது என்பதால் மறுபடி வேகவைக்கத் தேவையில்லை, ஊறினால் போதும். மசாலா போட்ட பாக்கெட் இதற்கு ஆகாது. அரை கப் காய்ச்சி ஆறிய பால், ரெண்டு கரண்டி தயிர், ஒரு சின்னக் கரண்டி சப்ஜா விதை. கலக்கி மூடிப் பிரிட்ஜில் வைத்தால் காலையில் பாயசம் மாதிரி கெட்டியாக இருக்கும்.

ருசிக்கு நான் வேறெங்கும் போகவில்லை. பருத்திப்பால் ருசிக்கு ஒரு கரண்டி கருப்பட்டிப் பாகு, சுக்குப்பொடி, ஏலக்காய், மேலே தேங்காய்ப்பூ. பாகு நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு ஊற்றினால் பால் திரியும். ஜிகர்தண்டா ருசிக்கு ரெண்டு மூன்று துண்டு பாதாம் பிசினைத் தனிக் கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டால், விடிவதற்குள் கிண்ணம் நிறைய உப்பி நிற்கும். அதில் ரெண்டு கரண்டி அள்ளிப்போட்டு, பாலைக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சி, நன்னாரி சர்பத் ஒரு கரண்டி. சர்க்கரைப் பொங்கல் ருசி வேண்டுமென்றால் வெல்லப் பாகு, வறுத்த முந்திரி நாலு, பச்சைக் கற்பூரம் ஊசி முனையளவு. சிறுமலைப் பழம் கிடைக்கிற நாளில் எதுவும் வேண்டாம், ஒன்றை மசித்துப் போட்டால் போதும்.

‘உடம்புக்கு நல்லது’ என்பதிலும் ஒளிவு மறைவு வேண்டாம். கருப்பட்டியும் வெல்லமும் நன்னாரி சர்பத்தும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அரை கப் ஓட்ஸில் சுமார் 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. அதில் பாதியளவு கரையும் நார், அது கொழுப்பைக் குறைக்க உதவும். இதற்கு மேல் அற்புதம் எதுவும் அதில் இல்லை.

எனக்கு நடந்த நல்லதுக்குக் காரணம் நார்ச்சத்து என்று சொல்ல மாட்டேன். நான் காலையில் சாப்பிட ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

பல வருடங்களாக என் காலை இப்படித்தான் இருந்தது. நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அஞ்சு மணிக்குத் தண்ணீர் வரும். ஆறரைக்குள் இட்லி, ஒரு சட்னி, மகனுக்கு இன்னொரு சட்னி. ஏழு மணிக்குள் மூன்று மதியச் சாப்பாட்டு டப்பாக்கள். ஏழே முக்காலுக்கு நான் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். இதில் என் வயிற்றுக்குப் போனது ரெண்டு டம்ளர் டீ. ஒரு நாள் அலுவலகத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு. மருத்துவர், “காலையில என்னம்மா சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். நாலு பேருக்கு என்ன சமைத்தேன் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. அவர் கேட்டது அதையல்ல.

நான் தனி ஆள் இல்லை. 2019 முதல் 2021 வரை எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருத்திக்கும் மேல். இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓட்ஸும் பாலும் ரத்தசோகைக்கு மருந்து ஆகாது. இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை இரண்டுமே கொஞ்சம் தடுக்கும், டீ இன்னும் அதிகமாகத் தடுக்கும். மாத்திரை கொடுத்தால் மாத்திரையைச் சாப்பிடுங்கள், பாலோடும் டீயோடும் சேர்க்காமல். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ. ஆனால் வெறும் வயிற்றோடு ஓடுகிற பழக்கத்தை எந்த மாத்திரையும் சரி செய்யாது.

இந்தியப் பெண்களின் நாள் எங்கே போகிறது என்பதற்கு அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது. 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு ஒரு நாளில் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணின் வேலை பத்து நிமிடம் குறைந்த அதே ஐந்து வருடத்தில் ஆணின் வேலையும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. கிரைண்டரும் குக்கரும் மிச்சப்படுத்திய நேரத்தை இரண்டு பேரும் ஏறக்குறையச் சமமாக எடுத்துக்கொண்டார்கள், வேலையை மட்டும் அப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் அந்த பாட்டில் எனக்கு முக்கியமாகப்பட்டது. அதற்குக் காலையில் யாரும் எழுந்திருக்க வேண்டாம். நாலு பேருக்குப் பரிமாறி முடிக்கும் வரை அது ஆறிப் போகாது. என்னுடைய பங்கு முந்தின நாளே ஒதுக்கப்பட்டு, மூடி போட்டு, எனக்காகக் காத்திருக்கிறது.

முதல் வாரம் அத்தை பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னத்தா இது, ஒரே ஒரு பாட்டிலு?”

“எனக்கு, அத்தை.”

“ஒனக்கு மட்டுமா?”

அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அம்பது வருடம் அடுப்படியில் இருந்தவருக்கு, ஒரு பெண் தனக்கு மட்டும் ஒன்றைச் செய்து வைப்பாள் என்பது நினைத்துப் பார்க்காத விஷயம். அதுவும் இனிப்பு.

இனிப்பு என்றால் நம் வீடுகளில் ஒரு காரணம் வேண்டும். சாமிக்குப் படைக்க, விருந்தாளுக்கு வைக்க, பிள்ளைக்குப் பிறந்தநாள். ஒரு பெண்ணுக்காகவே ஒரு இனிப்பைச் செய்து அவள் கையில் கொடுத்த நாள் எது என்று யோசித்தேன். வயதுக்கு வந்தபோது உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க. ருசியாகத்தான் இருந்தது. ஆனால் “சாப்பிடுடி, இடுப்புக்குப் பலம், நாளைக்குப் பிள்ளை பெத்துக்கணும்ல” என்று சொல்லித்தான் ஊட்டினார்கள். அந்தக் களியும் எனக்காக இல்லை. இனி வரப்போகிற பிள்ளைக்கு முன்பணம்.

ஓட்ஸ் விளம்பரங்கள் வேறு மாதிரி பேசுகின்றன. ஒல்லியான பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே கரண்டியை வாயில் வைக்கிறாள். இடை குறையும், பழைய சுடிதார் மறுபடி சேரும். ‘உடம்புக்கு நல்ல இனிப்பு’ என்ற பேச்சிலும் அதே பயம் ஒளிந்திருக்கிறது. இனிப்பு ஒரு குற்றம், அதற்கு நார்ச்சத்தை ஜாமீனாக நிறுத்த வேண்டும். களி பிள்ளைக்காக, ஓட்ஸ் இடைக்காக. எனக்குக் கருப்பட்டி பிடிக்கும் என்பது மட்டும் எங்கேயும் போதுமான காரணமாக இருப்பதில்லை.

பாட்டில் ஒன்றாகவே நிற்கவில்லை. மகள் ஒரு வாய் கேட்டாள். மகனுக்கு ஜிகர்தண்டா ருசி பிடித்துப் போனது. வீட்டுக்காரர், “எனக்கும் ஒண்ணு போட்டு வையேன், இட்லிய விட இது லேசா இருக்கு” என்றார். எனக்கு உடனே விளங்கியது. இதற்குச் சம்மதித்தால் ராத்திரி பத்து மணிக்கு நாலு பாட்டில், நாலு ருசி. காலையில் மிச்சமான நேரம் ராத்திரியில் பறிபோகும். கிரைண்டர் வந்தபோது நடந்தது அதுதானே. ஆட்டுக்கல் போனது, கூடவே தினம் தினம் தோசை வேண்டும் என்பதும் வந்தது.

“டப்பா மேல் தட்டுல இருக்கு. அளவு சொல்றேன். அவங்கவங்க பாட்டில அவங்கவங்க ஊறப்போட்டுக்கங்க” என்றேன்.

பத்து நாள் வரை அளவு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “பாலு எம்புட்டு?” என்று அடுப்படி வாசலில் நின்று தினமும் ஒரு கேள்வி. ரெண்டு நாள் ஊறப்போடவில்லை, காலையில் கடையில் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள். வீடு இடிந்து விழவில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் இட்லி, மூன்று நாள் பாட்டில். அந்த மூன்று நாளும் நான் அஞ்சரைக்கு எழுந்திருக்கிறேன். தண்ணீர் பிடிப்பது மகனுடைய வேலை. மதியச் சாப்பாடு இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. நடந்தது இவ்வளவுதான், கூட்டிச் சொல்ல விரும்பவில்லை.

ஒரு ராத்திரி அத்தை வந்து பக்கத்தில் நின்றார். “எனக்கும் அந்தப் பருத்திப்பாலு மாதிரி ஒண்ணு போடுறியாத்தா? கொட்டய ஆட்ட இப்ப யாரு இருக்கா.” அவருக்குச் சர்க்கரை இல்லை. கை நடுக்கத்தில் மூடியைத் திருக முடியாது. அதனால் அந்த ஒரு பாட்டிலை மட்டும் நான் போடுகிறேன். காலையில் முதல் ஆளாக, எல்லாருக்கும் முன்னால், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் அதைச் சாப்பிடுகிறார். எழுபத்தோரு வயதில் எங்கள் வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

ஆனாலும் இதை ஒரு தனிப் பெண்ணின் சாமர்த்தியமாகச் சொல்லி முடித்தால் தப்பு. பிரிட்ஜ் வேண்டும், ஓட்ஸ் வாங்கக் காசு வேண்டும், நாளொன்றுக்கு அரை கப் பால் தனக்கென்று எடுக்கிற துணிச்சல் வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ராத்திரியே பாலை ஊற்றக் கூடாது, மதுரை வெயிலுக்கு விடிவதற்குள் கெட்டுவிடும். அங்கே சிவப்பு அவல்தான் சரி. எழுந்ததும் தண்ணீரில் நனைத்து வைத்தால் பல் விளக்கி வருவதற்குள் ஊறிவிடும், வெல்லமும் தேங்காயும் போட்டால் எந்த ஓட்ஸுக்கும் அது குறைந்ததில்லை. கம்மங்கூழும் இருக்கிறது.

காலைப் பசி வீட்டுக்குள் மட்டும் தீர்க்கிற விஷயமில்லை என்பதும் இதே மதுரையில்தான் சொல்லப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நெல்பேட்டையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. முதலில் அறிவித்த பட்டியலில் வெள்ளிக்கிழமை கேசரியும் இருந்தது. ஒரு அரசாங்கம் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டில் இனிப்பை எழுதி வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பந்தியில் பையனும் பொண்ணும் ஒரே வரிசையில் உட்கார்கிறார்கள், ஒரே சூட்டில் சாப்பிடுகிறார்கள். அண்ணன் தின்று மிச்சம் வைத்தது தங்கைக்கு என்பது அங்கே கிடையாது. வேலைக்கு ஓடுகிற தாய்மாருக்கு அது கொடுத்த நேரம் எந்தக் கிரைண்டரும் கொடுக்காதது. ஊர் ஊராக அதைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். விடிவதற்கு முன்பே வீட்டை விட்டு வந்து அடுப்பு மூட்டுகிற அந்தப் பெண்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பிள்ளைகளின் பசியைப் பொதுவில் ஒத்துக்கொண்ட மாதிரி, சமைக்கிறவள் பசியையும் ஒரு நாள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பங்கிட்டுச் சாப்பிடுவதை நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பங்கு வைக்கிறவளுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும், அது மற்றவர்கள் கை கழுவிய பிறகு தெரிய வருகிற பங்காக இருக்கக் கூடாது. விடுதியில் இருக்கிற மாணவியாகட்டும், வேலைக்குப் போகிற பெண்ணாகட்டும், வீட்டிலிருக்கும் பெண்ணாகட்டும், இன்று ராத்திரி ஒரு கைப்பிடி எதையாவது உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். ஓட்ஸ் என்றால் ஓட்ஸ், அவல் என்றால் அவல். கொஞ்சம் இனிப்பாகவே போட்டுக்கொள்ளுங்கள். யாராவது “ஒனக்கு மட்டுமா?” என்று கேட்டால், “ஆமா” என்று சொல்லிவிட்டு அளவையும் சொல்லிக் கொடுங்கள்.